பாட்டு உடையுது, மீட்டர் சிவக்குது: வீட்டு ரெக்கார்டிங்கில் பிராசஸர் திணறினால் எங்கே பார்ப்பது

மதுரையைச் சுற்றி மொட்டை மாடி அறைகளிலும் படுக்கையறை மூலைகளிலும் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் பாட்டு, கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பாட்டு, ஊர்ச் சாமிக்கு ஒரு கருப்பசாமி பாட்டு, சர்ச் கொயர், யூடியூபுக்குக் கிராமியப் பாட்டு என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது. அவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். "அண்ணே, சத்தம் உடையுதுண்ணே. சிபியு மீட்டர் சிவப்புலயே நிக்குது." சிபியு என்றால் பிராசஸர், அதன் வேலைப் பளுவைக் காட்டுவது அந்த மீட்டர். இந்தப் புகாரோடு சேர்ந்து வரும் கேள்வியும் ஒன்றுதான்: "புது கம்ப்யூட்டர் வாங்கணுமாண்ணே?"

பெரும்பாலும் வேண்டியதில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எப்போது உடைகிறது? பாடும்போதா, வெறுமனே போட்டுக் கேட்கும்போதா, அரை மணி நேரம் கழித்தா, பாட்டு நின்ற பிறகா? அதற்குப் பதில் தெரிந்தால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கிற காரணம் கடைசியில் வரும். எனக்கு வருவது பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப் என்பதால் அதையே மனதில் வைத்து எழுதுகிறேன்.

## எதையும் தொடும் முன்

புராஜெக்டை வேறு பெயரில் ஒரு தடவை சேமியுங்கள். இனிமேல் செய்கிற சோதனை எல்லாம் அந்த நகலில்தான்.

அடுத்து, உடைகிற இடத்தைச் சுற்றி இருபது வினாடியை மட்டும் ரெண்டர் செய்து (அதாவது ஒரே ஆடியோ ஃபைலாக எழுதி), அந்த ஃபைலை போனில் போட்டுக் கேளுங்கள். ரெண்டர் ஆனது சுத்தமாக இருந்தால், பிராசஸர் நேரத்துக்கு முடிக்க முடியாமல் திணறுகிறது. இந்தக் கட்டுரை உங்களுக்கானது. ரெண்டர் ஆனதிலும் அதே இடத்தில் அதே கரகரப்பு இருந்தால், அது பதிவு செய்யும்போதே டேக்கில் (பாடிப் பதிவான அந்தத் துண்டில்) விழுந்துவிட்டது, அல்லது லெவல் மேலே முட்டிக் கிழிகிறது. அப்போது என்ன செட்டிங் மாற்றினாலும் அந்த டேக் திரும்ப வராது. அந்த வரியை மறுபடி பாட வைப்பதுதான் வழி. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் இரண்டு நாள் டிரைவரை (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை) மாற்றி மாற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இரண்டு மீட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்று விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். இன்னொன்று உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளின் சொந்த மீட்டர்: ரீப்பரில் வியூ மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர், கியூபேஸில் ஆடியோ பெர்ஃபார்மன்ஸ் பேனல், எஃப்எல் ஸ்டுடியோவிலும் ஏபிள்டன் லைவிலும் மேல் பட்டையிலேயே இருக்கும். இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எவ்வளவு வித்தியாசம் என்பதே பல இடங்களில் நமக்குத் துப்பு.

## அறிகுறி: பாடும்போதும் வாசிக்கும்போதும் மட்டும் பொரிகிறது, பிறகு கேட்டால் சரியாக இருக்கிறது

பஃபர். கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துச் செய்யும் சத்தத் துண்டின் அளவு இது. பெரிதாக்கினால் பிராசஸருக்கு நேரம் கிடைக்கும், சத்தம் தாமதமாகும். பத்தில் ஆறேழு பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஆடியோ செட்டிங்கில் பஃபர் 64 என்றோ 128 என்றோ இருக்கும். 256 வையுங்கள், கேளுங்கள். போதவில்லை என்றால் 512. 44,100 சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை தடவை சத்தம் அளக்கப்படுகிறது என்ற எண்) 128 என்பது ஏறக்குறைய 2.9 மில்லி வினாடி, 256 என்பது 5.8, 512 என்பது 11.6, 1024 என்பது 23.2. இது ஒரு பக்கக் கணக்கு. மைக்கில் நுழைந்து ஹெட்ஃபோனில் வெளியே வருவதற்குள் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகவே ஆகும்.

"512 வெச்சா என் குரலே எனக்குப் பின்னாடி வருதுண்ணே" என்பார்கள். நியாயம்தான். அதற்குத்தான் இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியின்) முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கிறது. அதைப் போட்டால் பாடகர் தன் குரலைக் கம்ப்யூட்டர் வழியாக இல்லாமல் நேராகக் கேட்பார். அப்போது பஃபர் 1024 இருந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒன்றை மறக்கக் கூடாது: மென்பொருளில் அந்த டிராக்கின் (ஒரு குரலோ வாத்தியமோ பதிவாகும் வரிசையின்) மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும், பாடகர் தாளத்தை விட்டுவிடுவார்.

கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு டைரக்ட் மானிட்டர் உதவாது. சத்தமே கம்ப்யூட்டருக்குள்தான் பிறக்கிறது. அவர்களுக்கு 128 அல்லது 256 வேண்டும். அதற்கு மற்ற டிராக்குகளின் பாரத்தைக் குறைக்க வேண்டும். அது எப்படி என்பதைக் கீழே "மென்பொருள் மீட்டரில் மட்டும் சிவப்பு" என்ற பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

சிவப்புப் பொத்தான். எல்லா டிராக்கிலும் ரெக்கார்ட் பொத்தான் அமுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ரீப்பரும் கியூபேஸும் சாதாரண டிராக்குகளின் வேலையைக் கொஞ்சம் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும். ரெக்கார்டுக்குத் தயாராக வைத்த டிராக்குக்கு அந்தச் சலுகை கிடையாது, அந்த நொடியிலேயே செய்தாக வேண்டும். ஒரு கொயர் பதிவில் 14 டிராக் சிவப்பாக நின்றது. பாடியது இரண்டு பேர். மற்ற பன்னிரண்டையும் அணைத்ததும் மீட்டர் பாதியாக இறங்கியது.

டிரைவர். இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே தரும் ஏஸியோ (சத்தத்தின் தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? பல லேப்டாப்புகளில் ஏஸியோ4ஆல் என்ற பொது டிரைவர் எப்போதோ இறங்கி, அதுவே தேர்வில் நிற்கிறது. சொந்த டிரைவர் இல்லாத சாதனத்துக்கு அது உதவி. சொந்த டிரைவர் இருக்கும்போது அது தேவையில்லை. நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டு, லேப்டாப்பை அணைத்துத் திறந்து, மறுபடி பாருங்கள்.

செலவு. சொந்த ஏஸியோ டிரைவரே இல்லாத மிக மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்றால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பிறகும் பொரியலாம். அப்போது நல்ல டிரைவர் உள்ள இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குவது நியாயமான செலவு. கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள்.

## அறிகுறி: முதல் இருபது நிமிடம் சரி, அப்புறம் உடைய ஆரம்பிக்கிறது

இது நம் ஊர் நோய். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. நம் வீட்டு ஸ்டுடியோ பெரும்பாலும் மொட்டை மாடி அறை. மேலே வெறும் கான்கிரீட், அது உள்வாங்கிய சூட்டை இரவு ஒன்பது மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்று சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும் தொங்கும். ஜன்னல் மூடியிருக்கும். டேக் எடுக்கும்போது மைக்கில் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவோம்.

போன வைகாசியில் முளைப்பாரிப் பாட்டு பாட மூன்று அக்காமார் வந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் பெரியவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏப்பா, ஃபேனையாவது போடுப்பா, மூச்சு முட்டுது" என்றார். அதே நிமிடம் ஹெட்ஃபோனில் படபடவென்று தெறிக்க ஆரம்பித்தது. லேப்டாப் கிடந்தது மடித்த போர்வையின் மேல். கீழே கை வைத்தால் தோசைக்கல். அவருக்கு மூச்சு முட்டிய அதே காரணத்தால்தான் லேப்டாப்புக்கும் முட்டியது.

உறுதி செய்யும் சோதனை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. அங்கே ஸ்பீடு என்று ஓடும் எண்ணையும், பேஸ் ஸ்பீடு என்று நிலையாக நிற்கும் எண்ணையும் பாருங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓடும் எண் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே விழுந்து, அங்கேயே நின்றால் சூடுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற ஒரு கருவியில் டிகிரியையும் பாருங்கள். இன்டெல் லேப்டாப் பிராசஸர்களில் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. 95-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பீடு விழாமல் உடைகிறது என்றால் இந்தப் பகுதியை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காசில்லாமல் செய்வது. லேப்டாப்பைப் போர்வை, தலையணை, மெத்தை மேல் வைக்காதீர்கள். பலகை மேல் வைத்து, பின்பக்கத்தைப் புத்தகம் ஒன்றால் தூக்கிவிடுங்கள். முடிந்தால் லேப்டாப்பை அறைக்கு வெளியே, ஃபேன் ஓடும் இடத்தில் வைத்து மைக் கேபிளை மட்டும் கதவடியில் உள்ளே விடுங்கள். எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள் பத்து மீட்டர் இருந்தாலும் தரம் கெடாது. யூஎஸ்பி கேபிளை அப்படி நீட்டக் கூடாது. யூஎஸ்பி 2-க்கு ஐந்து மீட்டர்தான் வரம்பு. ஆகவே இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் வெளியே, மைக்கும் பாடகரும் உள்ளே. லேப்டாப் ஃபேனின் இரைச்சலும் மைக்கில் விழாது, அது கூடுதல் லாபம்.

இன்னொன்று, பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பல லேப்டாப்புகளில் இது டர்போவை (பிராசஸர் சிறிது நேரம் எடுக்கும் கூடுதல் வேகத்தை) நிறுத்தும். உச்ச வேகம் குறையும். ஆனால் ஒரே சீராக ஓடும், சூடு சட்டென்று இறங்கும். ஒலிப்பதிவுக்கு இரண்டு நிமிடம் பறந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் வேகத்தைவிட, ஒரு மணி நேரம் சீராக ஓடும் வேகம்தான் தேவை. நான் சரிசெய்த லேப்டாப்புகளில் கோடைக்கு இதை நிரந்தரமாகவே வைத்துவிடுகிறேன்.

பதிவு நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். விடிகாலை ஐந்து முதல் எட்டு வரை கான்கிரீட் குளிர்ந்திருக்கும். இரவில் பதிவு செய்யலாமே என்றால், பதினோரு மணிக்கும் தெருமுனையில் கொத்துப் பரோட்டா கல் சத்தம் ஓயாது.

கொஞ்சம் செலவு. இரண்டு வருடமாகத் திறக்காத லேப்டாப் என்றால் உள்ளே ஃபேனில் தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். திறந்து சுத்தம் செய்து, பிராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே திறக்க வேண்டாம். கீபோர்டின் ரிப்பன் மெல்லியது, இழுத்தால் போச்சு.

உடனே நிறுத்த வேண்டிய இடம். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, லேப்டாப்பின் அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. அன்றைய பதிவைத் தள்ளிப்போடுங்கள்.

## அறிகுறி: டாஸ்க் மேனேஜரில் 30 சதவீதம், மென்பொருள் மீட்டரில் மட்டும் சிவப்பு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கருப்பசாமி பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உறுமி, பம்பை, தவில், உடுக்கை, கோரஸ் ஆறு பேர், முதல் குரல். மொத்தம் 22 டிராக். "நாலு கோர் இருக்குண்ணே, மூணு கோர் சும்மாதான் இருக்கு, அப்புறம் ஏன் சிவக்குது?" என்று கேட்டார். சரியான கேள்வி. கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி. நான்கு அடுப்பு இருந்தாலும் ஒரு குழம்பை ஒரே அடுப்பில்தான் வைக்க முடியும். ஒரு டிராக்கில் வரிசையாகக் கிடக்கும் ப்ளக்இன்கள் (சத்தத்தை மாற்றும் சிறு மென்பொருள்கள்) ஒன்று முடிந்துதான் அடுத்தது தொடங்கும். எனவே அந்த வரிசை முழுவதையும் ஒரே கோர் சுமக்கும். மாஸ்டர் டிராக் (எல்லா டிராக்கும் கடைசியில் சேரும் இடம்) என்றால் இன்னும் மோசம்: மற்ற எல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் நேரத்துக்குள் அது முடிய வேண்டும்.

முதல் சோதனை: மாஸ்டரில் உள்ள அத்தனை ப்ளக்இன்னையும் அணையுங்கள். அந்தத் தம்பியின் மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஒன்று, மல்டிபேண்ட் கம்ப்ரஸர் ஒன்று, ஓவர்சாம்பிளிங் (சத்தத்தைப் பல மடங்கு நுணுக்கமாகக் கணக்கிடுவது) எட்டு மடங்கு வைத்த லிமிட்டர் ஒன்று. யூடியூபில் யாரோ மாஸ்டரிங்குக்கு (முடிந்த பாட்டின் இறுதி மெருகுக்கு) காட்டியதை முதல் நாளே போட்டு வைத்துவிட்டு அதன் மேல்தான் பாடியிருக்கிறார். மூன்றையும் அணைத்ததும் 96-இல் நின்ற மீட்டர் 61-க்கு வந்தது. மாஸ்டரிங் கடைசி நாள் வேலை. பதிவு முடியும் வரை மாஸ்டர் காலியாக இருக்கட்டும். லெவல் முட்டாமல் பார்க்க ஒரு சாதாரண மீட்டர் போதும்.

மாஸ்டரை அணைத்தும் இறங்கவில்லையா? எந்த டிராக் தின்கிறது என்று கண்டுபிடியுங்கள். ரீப்பரின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் டிராக் வாரியாகக் காட்டும். லைவ் 11 முதல் அதிலும் டிராக் வாரியாகப் பார்க்கலாம். அப்படி வசதி இல்லாத மென்பொருளில் பாதி டிராக்குகளின் ப்ளக்இன்களை அணைத்துப் பாருங்கள். இறங்கினால் குற்றவாளி அந்தப் பாதியில். மறுபடி அதில் பாதி. 32 டிராக் இருந்தாலும் ஐந்தே முறையில் ஆள் சிக்குவார். மியூட் செய்தால் போதாது. பல மென்பொருளில் மியூட் செய்த டிராக்கின் ப்ளக்இன் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். ப்ளக்இன்னையே அணைக்க வேண்டும்.

எனக்கு வழக்கமாகச் சிக்குகிறவர்கள்: கன்வல்யூஷன் ரீவெர்ப் (மண்டப எதிரொலி தரும் ப்ளக்இன்), சுருதி சரிசெய்யும் ப்ளக்இன், கிடார் ஆம்ப் ப்ளக்இன், பின்னணி இரைச்சலை நீக்கும் ப்ளக்இன், ஓவர்சாம்பிளிங் வசதி உள்ள எதுவும்.

ரீவெர்ப் என்றால் ஒவ்வொரு டிராக்கிலும் ஒன்று வைக்காதீர்கள். ரீவெர்ப் ஒன்றை மட்டும் தனி டிராக்கில் போட்டு, மற்ற டிராக்குகளிலிருந்து சென்ட் (சத்தத்தின் ஒரு பங்கு) அனுப்புங்கள். அந்தக் கருப்பசாமி பாட்டில் பதினொரு ரீவெர்ப் ஓடியது. இரண்டாகக் குறைத்தோம், தாள வாத்தியங்களுக்கு ஒன்று, குரல்களுக்கு ஒன்று. மீட்டர் 61-லிருந்து 34-க்கு இறங்கியது. பாட்டும் தெளிந்தது, பதினொரு பேர் பதினொரு மண்டபத்தில் பாடியது போலிருந்தது, ஒரே கோயில் வாசலில் கூடி நிற்பது போல ஆகிவிட்டது.

சுருதி சரிசெய்வது என்றால் வேலை முடிந்த வரிகளை ஆடியோவாக மாற்றிவிடுங்கள். மூலக் குரலை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அழிக்க வேண்டாம்.

மென்பொருள் வாத்தியம் என்றால் ஃப்ரீஸ். ரீப்பர், கியூபேஸ், லைவ் மூன்றிலும் அதே பெயரில் இருக்கிறது. டிராக்கின் சத்தத்தை ஒரு ஃபைலாக எழுதி வைத்துவிட்டு வாத்தியத்தையும் ப்ளக்இன்னையும் தூங்க வைக்கும். ராகம் மாற்ற வேண்டுமென்றால் அன்ஃப்ரீஸ் செய்தால் பழையபடி வந்துவிடும். இதைப் பழகிக்கொண்டவர்கள் பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் முழுப் பாட்டு முடிக்கிறார்கள். பழகாதவர்கள் புது லேப்டாப்பிலும் திணறுகிறார்கள்.

ஓவர்சாம்பிளிங் என்றால் வேலை நடக்கும்போது அணைத்து வையுங்கள். பல ப்ளக்இன்களில் ரெண்டரின்போது மட்டும் ஓடவைக்கும் வசதி உண்டு.

இவ்வளவும் செய்து, 256 பஃபரில் ஒரே ஒரு வாத்தியத்தைக்கூட உடையாமல் வாசிக்க முடியவில்லை என்றால்தான் பிராசஸரின் வயதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

## அறிகுறி: மீட்டர் கீழேயே இருக்கிறது, ஆனாலும் சில வினாடிக்கு ஒருமுறை "டப்"

ப்ளக்இன்களைத் தொடாதீர்கள். வேறு ஏதோ ஒரு டிரைவர் இடையில் புகுந்து பிராசஸரைப் பிடித்துக்கொள்கிறது.

வைஃபையை அணையுங்கள். அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். நின்றுவிட்டால் அதுதான். பதிவு நேரத்தில் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுவது நல்ல பழக்கம். நிற்கவில்லை என்றால் ப்ளூடூத், யூஎஸ்பி வழியாக நெட் எடுக்கும் போன், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எல்லாவற்றையும் சேர்த்து அணைத்தால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

அப்புறம் இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணையுங்கள். ஆன்டிவைரஸில் புராஜெக்ட் ஃபோல்டரையும் சாம்பிள் ஃபோல்டரையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

இன்னும் நிற்கவில்லையா? லேட்டன்ஸிமான் என்ற கருவி இணையத்தில் கிடைக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு டிரைவர்கள் பட்டியலைப் பாருங்கள். எந்தப் பெயர் அதிக நேரம் எடுத்திருக்கிறது என்று வரிசைப்படுத்தலாம். என்டிஐஎஸ் என்று தொடங்கினால் நெட்வொர்க் பக்கம், என்வி என்று தொடங்கினால் என்விடியா கிராஃபிக்ஸ் பக்கம். அந்த டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். ஏசிபிஐ என்று வந்தால் மின் மேலாண்மை. அதற்கு பயாஸை (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்க வேண்டி வரலாம். பயாஸ் வேலையின் நடுவில் கரண்ட் போனால் லேப்டாப் எழுந்திருக்காமல் போகலாம். அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

## அறிகுறி: கரண்ட் போனதும் உடைகிறது, அல்லது சார்ஜரைப் பிடுங்கினால் உடைகிறது

பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் வேகத்தைக் குறைக்கிறது. செட்டிங்ஸில் பவர் மோடை பேட்டரிக்கும் சேர்த்து பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். அதன் பிறகும் பல லேப்டாப்புகள் பேட்டரியில் முழு வேகம் தராது. பஃபரை 1024 ஆக்கி டைரக்ட் மானிட்டரில் அந்த டேக்கை முடித்துவிடுங்கள். சார்ஜர் செருகியிருந்தும் இப்படி ஆனால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். வேறு நிறுவன சார்ஜரையோ குறைந்த வாட் சார்ஜரையோ சில லேப்டாப்புகள் ஏற்றுக்கொள்ளாமல் வேகத்தைக் குறைத்துவிடும்.

## அறிகுறி: உடைவதில்லை, "ம்ம்ம்" என்று விடாமல் ஒரு ஒலி

இதற்கும் பிராசஸருக்கும் சம்பந்தமில்லை. இதையும் லோடு என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். ஒலி நின்றால் எர்த் கோளாறு. இரண்டு கால் சார்ஜரும் எர்த் இல்லாத பழைய பிளக் பாயிண்டும் சேர்ந்தால் இது வரும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போதும் வரும். வீட்டு எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லேப்டாப் உலோக ஓட்டில் கை வைத்தால் சுரீர் என்று இழுத்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். பாடகரின் உதடு மைக்கின் வலையைத் தொடும் என்பதை நினைவில் வையுங்கள்.

## அறிகுறி: பாட்டு நின்ற பிறகு, நிசப்தத்தில் மீட்டர் ஏறுகிறது

பழைய ரீவெர்ப், டிலே ப்ளக்இன்களில் வரும். சத்தம் தேய்ந்து தேய்ந்து மிக நுண்ணிய எண்ணாகும்போது பிராசஸர் அதில் மாட்டிக்கொள்கிறது. அந்த ப்ளக்இன்னின் புதிய பதிப்பைப் போடுங்கள், கிடைக்கவில்லை என்றால் வேறு ஒன்றுக்கு மாறுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் ஸ்மார்ட் டிஸேபிள் என்ற வசதியைப் போட்டாலே சத்தம் இல்லாத ப்ளக்இன்கள் ஓய்ந்துவிடும்.

## அறிகுறி: முதல் தடவை வாசிக்கும்போது மட்டும் சத்தம் விடுபடுகிறது, இரண்டாம் தடவை சரி

நாகஸ்வரம், தவில், வயலின் என்று பெரிய சாம்பிள் தொகுப்புகளில் இது வரும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் தொடுகிறதா, மெமரி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். டிஸ்க் என்றால், சாம்பிள்கள் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் இருக்கும். லேப்டாப்பிலேயே எஸ்எஸ்டி இருந்தால் அதற்கு நகர்த்துங்கள். வெளி டிஸ்க் என்றால் யூஎஸ்பி 3 துளையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மெமரி என்றால் குரோமை மூடுங்கள், தேவையில்லாத வாத்தியங்களை இறக்குங்கள். 8 ஜிபி ரேமை 16 ஆக்குவதும், ஹார்டு டிஸ்கை எஸ்எஸ்டி ஆக்குவதும் பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய நல்ல செலவுகள். வாங்கும் முன் உங்கள் மாடலில் ரேம் மாற்றக்கூடியதா, போர்டிலேயே பற்றவைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: நேற்று வரை ஓடியது, இன்று அதே புராஜெக்ட் ஓடவில்லை

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து திறப்பது விண்டோஸில் எப்போதும் முழுப் புதுத் தொடக்கம் இல்லை, ரீஸ்டார்ட்தான் அது.

பிறகு சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். யாராவது 96,000-க்கு மாற்றியிருந்தால் 48,000-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். யூடியூபுக்குப் போகும் பக்திப் பாட்டுக்கு 48,000 தாராளம். அப்புறம் விண்டோஸ் அப்டேட் இரவில் புகுந்து இன்டர்ஃபேஸ் டிரைவரைக் கலைத்திருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரை நீக்கி மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

## கடைக்குக் கொண்டுபோவதானால்

மேலே உள்ளதெல்லாம் முடிந்து, காலி புராஜெக்டில் ஒரே ஒரு ஆடியோ டிராக்கைக்கூட 512 பஃபரில் உடையாமல் ஓட்ட முடியவில்லை என்றால் ஆளிடம் காட்டுங்கள். அதற்கு முன் புராஜெக்ட் ஃபோல்டர்களை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். "ஃபார்மட் போட்டுரலாம் சார்" என்று முதல் வார்த்தையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபார்மட் போட்டால் ப்ளக்இன் லைசென்ஸ்கள் சில போய்விடும், மறுபடி எல்லாவற்றையும் ஏற்ற இரண்டு நாள் ஆகும், சூட்டினால் வந்த கோளாறு அப்படியே இருக்கும். எனக்குத் தெரிந்த கீபோர்டு கலைஞர் ஒருவருக்கு ஒரு கடையில் கிராஃபிக்ஸ் கார்டு விற்றுவிட்டார்கள். திருவிழாக் கச்சேரிப் பணம் முழுவதும் அதற்குப் போனது. ஒலிப்பதிவுக்கு அது ஒரு கை உதவியும் செய்யாது. அவர் லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு மாறியதே இந்த உடைசலைத் தீர்க்கத்தான். கடைசியில் காரணம் 64-இல் கிடந்த பஃபர்.

புதிது வாங்கியே தீர வேண்டுமென்றால், கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. மெல்லியதாக அழகாக இருக்கும் மாடலைவிடக் காற்று போக இடம் உள்ள தடித்த மாடல் நம் வெயிலுக்கு நல்லது.

லேப்டாப்பை யாரிடம் கொண்டுபோனாலும் சார்ஜர், இன்டர்ஃபேஸ், அதன் யூஎஸ்பி கேபிள் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு பையன் லேப்டாப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தான். என் இன்டர்ஃபேஸில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு சின்னச் சத்தம்கூட உடையவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வந்தான், இந்த முறை கேபிளோடு. செருகும் முனையை லேசாக ஆட்டியதுமே "டப்" என்றது.